பாதத்துக்குக் கண் வேண்டும்
(வாசுதேவநல்லூரில் சிறுநீரக நோயாளிகளும் குடும்பத்தாரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



பூலித்தேவர் கோட்டை கட்டி நின்ற மண்ணில் நிற்கிறேன். இந்தப் பக்கத்து மேடைகளில் ஏறுகிறவர்கள் வாளைப் பற்றிப் பேசுவார்கள், வீரத்தைப் பற்றிப் பேசுவார்கள். நான் கால் விரல் இடுக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது மேடைக்கு ஏற்ற பொருளா என்று யாராவது முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும். விரல் இடுக்கில் தொடங்கிய வெடிப்பு முழங்காலுக்குக் கீழே காலையே வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்த குடும்பங்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இன்றைய பேச்சின் பொருள் இதுதான்: சிறுநீரக நோய் வந்தவர்கள் தங்கள் பாதத்தில் புண் வராமல் காத்துக்கொள்வது எப்படி? வந்த புண்ணை ஆற்றுவது மருத்துவமனையின் வேலை. வராமல் பார்ப்பது வீட்டின் வேலை. நான் வீட்டு வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

உடனே ஒரு கேள்வி வரும். "கிட்னிக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? கிரியாட்டினின் கூடியிருக்குன்னு சொன்னாங்க. உப்பைக் குறைக்கச் சொன்னாங்க. தண்ணியை அளந்து குடிக்கச் சொன்னாங்க. காலைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே?"

சொல்லவில்லைதான். சொல்லியிருக்க வேண்டும்.

நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவைச் சிறுநீராக வெளியே அனுப்பிவிட்டு மிச்சத்தை உடம்புக்கே திருப்பித் தருகின்றன. வாரத்துக்கு 168 மணி நேரம், ஒரு நிமிடம் ஓயாமல் நடக்கும் வேலை இது. அதே வேலையை டயாலிசிஸ் மெஷின் வாரத்தில் 8 மணி நேரத்திலோ 12 மணி நேரத்திலோ செய்து முடிக்கப் பார்க்கிறது. மிச்ச நேரம் முழுக்கக் கழிவு இரத்தத்திலேயே சுற்றுகிறது. அது சும்மா சுற்றுமா? நரம்பைத் தொடுகிறது, இரத்தக் குழாயைத் தொடுகிறது, தோலைத் தொடுகிறது.

நீங்கள் விவசாயம் தெரிந்தவர்கள். மேற்கே மலையில் பெய்த மழை ஓடையாக இறங்கிக் குளத்தை நிரப்புகிறது. குளத்தில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது யார் வயல்? மடைக்குப் பக்கத்து வயலா, கடைமடை வயலா? உடம்புக்குக் கடைமடை கால் விரல். இதயத்திலிருந்து தூரத்தில் இருப்பது அது. முதுகுத்தண்டிலிருந்து தூரத்தில் இருப்பதும் அதுவே. இரத்த ஓட்டத்திலோ நரம்பிலோ குறை வந்தால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். அங்கேதான் நாம் கடைசியாகப் பார்க்கிறோம்.

முதலில் நரம்பு. காலுக்குப் போகும் நரம்புதான் உடம்பிலேயே நீளமானது, அதனால் முதலில் அடிபடுவதும் அதுதான். தொடக்கத்தில் பாதம் காந்தும். மதமதவென்று இருக்கும். பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்பார்கள். இந்தக் கட்டத்தில் டாக்டரிடம் சொல்வார்கள். பிறகு ஒருநாள் காந்தல் நின்றுவிடும். "இப்ப சரியாப் போச்சு" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். எங்கே ஐயா சரியாகப் போனது? நரம்பு பேசுவதை நிறுத்திவிட்டது. இனிமேல் முள் குத்தினாலும் சொல்லாது, நெருப்பு சுட்டாலும் சொல்லாது.

அடுத்தது இரத்தக் குழாய். சாப்பாட்டில் வரும் பாஸ்பரஸைச் சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் போகும்போது, அது கால்சியத்தோடு சேர்ந்து குழாயின் சுவரிலேயே படிகிறது. குழாய் விறைத்துப்போகிறது. இதில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. கணுக்காலில் பட்டை கட்டி அழுத்தம் பார்த்தால், விறைத்த குழாய் அமுங்காது. அதனால் அளவு நன்றாக இருப்பதுபோலவே காட்டும், ஓட்டம் இருக்காது. விவரம் தெரிந்த மருத்துவர்கள் கால் பெருவிரலிலும் அழுத்தம் பார்க்கச் சொல்வது இதனால்தான். டயாலிசிஸ் ஓடும்போது உடம்பிலிருந்து நீர் இறங்குகிறது, சிலருக்கு இரத்த அழுத்தமும் இறங்குகிறது. அந்த நேரத்தில் பாதத்துத் தோலுக்குப் போகும் ஆக்சிஜன் குறைவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். உயிரைக் காக்கும் மெஷின் ஓடுகிற அதே நேரத்தில் கடைமடை தவிக்கிறது.

தோலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரவெல்லாம் சொறிகிறவர்கள் நீங்கள். வியர்வை குறைந்து தோல் வறண்டு, குதிகாலில் பித்தவெடிப்பு பாளம் பாளமாகத் திறக்கிறது. டயாலிசிஸுக்கு முந்தின நாள் கால் வீங்கிச் செருப்பு வார் பதிகிறது. இதற்கு மேல் இரத்தசோகை, புரதக் குறைவு, எதிர்ப்புச் சக்திக் குறைவு. மற்றவருக்கு மூன்று நாளில் காய்ந்து உதிரும் கீறல் இவருக்கு மூன்று மாதம் ஆனாலும் ஈரமாகவே கிடக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. உடம்பு அந்தச் சிறுநீரகத்தை விரட்டாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கின்றன. உள்ளே சீழ் கட்டினாலும் காய்ச்சல் பெரிதாக வராமல் போகலாம்.

பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. ஆனாலும் ஒரு கணக்கை மறைக்க மனம் வரவில்லை. அமெரிக்காவில் மெடிகேர் பதிவுகளை வைத்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, சர்க்கரை நோயால் சிறுநீரகம் முழுதும் செயலிழந்தவர்களுக்குக் கால் எடுக்க நேர்வது மற்றச் சர்க்கரை நோயாளிகளைவிட 10 மடங்கு அதிகம் என்று கண்டது. சிறுநீரகம் செயலிழந்து, காலையோ விரலையோ இழந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள் என்றும் கண்டது. அது பழைய கணக்கு, இன்றைய மருத்துவம் முன்னேறியிருக்கிறது, சரி. ஆனால் எந்தத் திசையில் ஆபத்து இருக்கிறது என்று காட்ட இந்தக் கணக்கு போதும்.

"எனக்குச் சர்க்கரை இல்லையே, எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று ஒரு குரல் கேட்கிறது. நியாயமான கேள்வி. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. சிறுநீரகம் கெடுவதற்குப் பெரிய காரணம் அதுதான். ஆனால் அது மட்டும்தானா? இலங்கையின் அனுராதபுரம் பக்கத்து நெல் விவசாயிகளிடம் 1990களிலிருந்து பரவிய சிறுநீரக நோய்க்குச் சர்க்கரையும் காரணமில்லை, இரத்த அழுத்தமும் காரணமில்லை. ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதே கதைதான். வெயிலில் உழைத்து, சேற்றில் நின்று, வெறுங்காலோடு வரப்பில் நடந்தவர்கள் அவர்கள். நரம்பைக் கெடுக்கும் கழிவும் குழாயைக் கெடுக்கும் பாஸ்பரஸும், இவருக்குச் சர்க்கரை உண்டா இல்லையா என்று விசாரித்துவிட்டா படிகின்றன? சர்க்கரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். சர்க்கரை இல்லாவிட்டால் ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது.

இப்போது உங்களை வேலூருக்கு அழைத்துக்கொண்டு போகிறேன். பாதத்தைக் காக்கும் வித்தையில் உலகம் முழுதும் இன்று சொல்லித்தரும் பாடங்களில் பல, தமிழ்நாட்டில் கற்ற பாடங்கள். இது நம்மில் பலருக்குத் தெரியாது.

பால் பிராண்ட் என்று ஒரு மருத்துவர். ஆங்கிலேயர், ஆனால் பிறந்தது கொல்லிமலையில், 1914-ஆம் ஆண்டு. லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்கு ஒரு முறை போனார். மடங்கிப்போன கைகள், விரல் இல்லாத பாதங்கள். அந்தக் காலத்தில் உலகம் என்ன நம்பியது? தொழுநோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்று நம்பியது. பிராண்டுக்கு அதில் சந்தேகம் வந்தது.

துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க அவர் திணறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற, தொழுநோய் உள்ள ஒரு சிறுவன், "நான் திறக்கிறேன்" என்று சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். இத்தனை பலம் இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், விரலிலிருந்து இரத்தம் சொட்டுகிறது. சாவி சதையை அறுத்து எலும்பு தெரிகிறது. பையனுக்குத் தெரியவே இல்லை. நமக்கெல்லாம் ஓர் அளவுக்கு மேல் போனால் "போதும்" என்று வலி சொல்கிறது. அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை.

இன்னொன்று கேளுங்கள். நோயாளிகள் சிலருக்கு இரவில் படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் எழும்போது இல்லை. மாயமா? மந்திரமா? ஒருவர் விழித்திருந்து காவல் காத்தார். எலி வந்து கடித்தது. உணர்ச்சி இல்லாத விரலைக் கடித்தால் யார் கையை உதறுவார்கள்? அதற்குப் பிறகு, சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பத் தொடங்கினார்கள். மருந்துச் சீட்டோடு ஒரு பூனை! சிரிக்கிறீர்கள். எனக்கு அது பெரிய மருத்துவமாகப் படுகிறது.

சதை தானாக அழுகவில்லை, வலி இல்லாததால் காயத்தின் மேல் காயம் பட்டு அழிகிறது என்று பிராண்ட் நிறுவினார். கல்லும் ஆணியும் மட்டும் காரணமில்லை. நல்ல பாதம் கொஞ்ச தூரம் நடந்ததும் ஓரிடம் வலிக்கத் தொடங்க, நாம் அறியாமலே பாரத்தை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்கிறது. மரத்த பாதம் அப்படி மாற்றுவதில்லை. அடி மேல் அடியாக ஒரே இடத்தில் ஆயிரம் முறை ஊன்றுகிறது. அந்த இடம் முதலில் சூடாகிறது, பிறகு சிவக்கிறது, பிறகுதான் உடைகிறது. உடையும் முன் சூடு! பிராண்ட் தன் நோயாளிகளின் பாதத்தைக் கையால் தொட்டு, சூடு எங்கே இருக்கிறது என்று தேடினார்.

அவருக்கே ஒரு சோதனை வந்தது. நீண்ட பயணம் முடிந்து லண்டனில் ஓர் இரவு காலுறையைக் கழற்றுகிறார், குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்க்கிறார், தெரியவில்லை. தொழுநோய் நமக்கும் வந்துவிட்டது என்று முடிவு கட்டி இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார். விடிந்ததும் மறுபடி குத்திப் பார்த்தார். சுரீரென்று வலித்தது! ரயிலில் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்ததில் நரம்பு அமுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வலித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன மனிதர் அவர். வலிக்கு மாத்திரை தேடி மெடிக்கல் ஷாப்பில் வரிசையில் நிற்கும் நமக்கு இது விநோதமாகத் தோன்றும்.

வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் அவரும் அவரோடு உழைத்தவர்களும் மென்மையான நுண்துளை ரப்பரில் செருப்புச் செய்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் ஆஸ்பத்திரிகளில் எழுதிக் கொடுக்கிறார்களே, அதுதான். பாதத்தில் வந்த புண்ணைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு, பாரத்தைப் பரப்பி ஆற்றும் முறையையும் கையாண்டார்கள். இலங்கைத் தமிழரான டாக்டர் மில்ராய் பால் 1930களிலேயே இம்முறையைத் தொழுநோய்ப் புண்ணுக்குப் பயன்படுத்தியவர். 1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். இங்கே கற்றது அத்தனையும் அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்குக் கைமாறியது. உணர்ச்சி இருக்கிறதா என்று இன்று உலகமெங்கும் பாதத்தில் வைத்துப் பார்க்கும் நைலான் இழை, அழுத்தினால் 10 கிராம் விசையில் வளையும் இழை, அதன் அளவை உறுதி செய்ததும் அதே கார்வில்லில்தான். வேலூரிலும் கரிகிரியிலும் தொடங்கிய வித்தை உலகம் சுற்றித் திரும்பி வந்திருக்கிறது. நாம்தான் இன்னும் அதை வீட்டுக்குள் விடவில்லை.

ஏன் விடவில்லை? அந்த எம்.சி.ஆர். செருப்பைப் பார்த்தாலே "இது அந்த வியாதிக்காரங்க போடுறது" என்று ஒரு காலத்தில் ஊர் பேசியது. போட்டுக்கொண்டு தெருவில் நடக்க வெட்கப்பட்டு எத்தனை பேர் பரணில் தூக்கிப் போட்டார்கள்! இப்போது சாதாரணச் செருப்புப் போலவே பல மாதிரிகளில் தைத்துக் கொடுக்கிறார்கள். வெட்கத்துக்குக் காலைக் காணிக்கை கொடுக்க வேண்டாம்.

சரி, இப்போது ஒரு சின்னச் சோதனை. மண்டப வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே வந்திருக்கிறீர்கள்? வசதியாகப் போயிற்று. நோயாளிகள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் இவற்றின் நுனியை, இரண்டு காலிலும், உங்கள் விரல் நுனியால் லேசாகத் தொடுங்கள். அழுத்தாதீர்கள், தட்டாதீர்கள். ஒரு விநாடி தொட்டு எடுங்கள். தொட்டது தெரிந்தால் எந்தக் கால் என்று அவர் சொல்லட்டும். ஆறு விரலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகரத்து மருத்துவர்கள் வகுத்த சோதனை இது. கருவி வேண்டாம், காசு வேண்டாம். தெரியாமல் போனவர்கள் கலங்க வேண்டாம், ஆனால் இன்றிலிருந்து உங்கள் பாதத்துக்கு வலி பார்த்த வேலையைக் கண் பார்க்க வேண்டும்.

யார் கண்? டயாலிசிஸ் நோயாளிகள் பலருக்குப் பார்வையும் மங்கியிருக்கும். குனிந்தால் மூச்சு வாங்கும். தன் அடிப்பாதத்தைத் தானே பார்ப்பது எல்லோருக்கும் முடிகிற காரியமா? தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். அதைவிட நல்லது, வீட்டில் இன்னொருவர் பார்ப்பது. இந்த ஊரில் குடியிருக்கும் சாமி யார்? அர்த்தநாரீஸ்வரர், நம் சிந்தாமணிநாதர். ஆணில் பாதி பெண்ணாக நிற்கிறவர். கணவனின் காலை மனைவி பிடித்துப் பார்ப்பது நம் வீடுகளில் நடக்கும். மனைவிக்குச் சிறுநீரகம் பழுதானால் அவள் காலைக் கணவன் மடியில் வைத்து விரல் விரலாக விரித்துப் பார்க்கிறானா? "பொம்பளை காலை நான் தொடுறதா?" என்கிற அண்ணாச்சிமார், சிந்தாமணிநாதர் சன்னதிக்குப் போய் அந்தப் பாதிப் பெண்ணைக் கும்பிட்டு வருவதில் என்ன அர்த்தம்?

என்ன பார்க்க வேண்டும்? விரல் இடுக்கு வெளுத்து ஊறியிருக்கிறதா? குதிகாலில் வெடிப்பு ஆழமாகியிருக்கிறதா? கொப்புளம், சிவப்பு, கறுப்பு, நகச்சுத்தி, நீர் கசிவு ஏதாவது இருக்கிறதா? கால் ஆணியைச் சுற்றித் தோல் தடித்து நடுவே கறுத்திருக்கிறதா? புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டு, ஒன்று மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். பாதத்தை வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள், ஊற வைக்காதீர்கள். 37 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம். நோயாளி காலை விட்டுச் சூடு பார்க்கக் கூடாது, வேறொருவர் முழங்கையால் பார்க்கட்டும். விரல் இடுக்கைத் துணியால் ஒற்றி ஈரம் போக்குங்கள். எண்ணெயோ களிம்போ பாதத்தின் மேலும் கீழும் தடவலாம், இடுக்கில் மட்டும் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் கார்ன் கேப் பக்கமே போகாதீர்கள். அதில் உள்ள அமிலம் ஆணியைத் தின்றுவிட்டு அதோடு நிற்பதில்லை.

செருப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. விரலிடுக்கில் வார் வைத்த ஹவாய் செருப்பு மரத்த காலுக்குப் பகை. வார் தோலை அறுக்கும், நடந்து போகும்போதே செருப்பு கழன்று விழும், விழுந்ததும் தெரியாது. பின்பட்டை உள்ளது வாங்குங்கள். கால் வீங்கியிருக்கும் நேரத்தில், அதாவது டயாலிசிஸுக்கு முந்தின மாலையில், போய் அளவு பார்த்து வாங்குங்கள். வீட்டுக்குள்ளேயும் போடுங்கள். போடும் முன் உள்ளே கையை விட்டுத் துழாவுங்கள். ஒரு மிளகு அளவு கல் போதும், மாலைக்குள் புண்ணாகிவிடும்.

நம் பக்கத்தில் காலுக்கு எதிரிகள் வேறு விதம். புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர் போனது, அந்த மரத்துக்கு முள்ளும் உண்டு. பழம் பொறுக்கப் போகிறவர் காலில் முள் ஏறி ஒடிந்தால், உணர்ச்சி உள்ளவர் அங்கேயே உட்கார்ந்து எடுப்பார். உணர்ச்சி இல்லாதவர் முள்ளோடு சாப்பிட்டு, முள்ளோடு தூங்கி, ஒரு வாரம் கழித்துக் கால் வீங்கி நாற்றம் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருவார். கரும்பு வெட்டிய வயலில் நிற்கும் கட்டை கத்திபோல் கிழிக்கும். நடவு வயலில் நின்றால் சேற்றுப்புண். திருநெல்வேலி பஸ்ஸில் முன்னால் இடம் பிடித்து எஞ்சின் மூடியின் மேல் காலை வைத்துக்கொண்டு வருகிறவருக்குப் பாதம் வெந்துபோவது தெரிவதில்லை. பைக் சைலன்சரும் அப்படித்தான். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் யாரால் போகாமல் இருக்க முடியும்? போங்கள். பாறையில் வெறுங்காலோடு ஏறாதீர்கள், ஊறிய காலைத் துடைக்காமல் திரும்பாதீர்கள்.

கோயில் விஷயத்தில் பேசத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் பேசத்தான் வேண்டும். உச்சி வெயிலில் கருங்கல் பிரகாரத்தைச் சுற்றி வந்து அடிப்பாதம் முழுக்கக் கொப்புளத்தோடு வருகிறவர்கள் உண்டு. சுட்டது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. விடியற்காலையோ பொழுது சாய்ந்தோ போங்கள். மாலை போட்டு வெறுங்காலோடு மலைக்குப் போவது, திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை, பூக்குழி இறங்குவது, இவையெல்லாம் மரத்த கால் உள்ளவருக்கு வேண்டாம். பிள்ளைகளில் ஒருவர் உங்களுக்காக நடக்கட்டும். சாமி கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொள்கிறவர்கள் வீட்டில் இருக்கும் பெரியவர்கள்தான், அவர்களிடம் நான் வேண்டுமானால் வந்து பேசுகிறேன்.

இனி மிக முக்கியமான ஓர் எச்சரிக்கை. கால் வலிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே மாத்திரை வாங்காதீர்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென், அசிக்ளோஃபினாக், இவை மிச்சம் மீதி இருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காலைக் காக்கப் போய்க் கிட்னியை விட்டுவிடக் கூடாது. பீடி சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? சுருங்கிய குழாயை அது இன்னும் சுருக்குகிறது.

புண் வந்துவிட்டதா? மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றே மருத்துவரிடம் போங்கள். "எனக்கு கிட்னி பிரச்சினை இருக்கு" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் அளவை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். "வலிக்கலையே, ரெண்டு நாள் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் ஊரில் கால்களை வாங்கிய வாக்கியம் அது.

டயாலிசிஸ் நடக்கும் கூடத்துக்கு வருகிறேன். நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருக்கிறீர்கள். குதிகால் மெத்தையில் அழுந்திக்கொண்டே இருக்கிறது. ஓட்டம் குறைந்த காலில் அந்த அழுத்தம் ஒன்றே புண்ணாக்கப் போதும். கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். டயாலிசிஸ் வரை போனவருக்கு உணர்ச்சிக் குறைவோ இரத்த ஓட்டக் குறைவோ இருந்தால், அவரை ஏற்கெனவே விரல் எடுத்தவர்களோடு சேர்த்து உச்ச ஆபத்து வகுப்பில் வைக்கின்றன உலக நீரிழிவுப் பாத வழிகாட்டு நெறிகள். ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவர் பாதத்தைத் தேர்ந்தவர் ஒருவர் பார்த்தாக வேண்டும் என்கின்றன. இதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டுமா? நோயாளி அங்கேதான் படுத்திருக்கிறார், பாதமும் அங்கேதான் இருக்கிறது. போர்வையை விலக்க வேண்டியதுதான் பாக்கி.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கிறது. வயிற்று வழி டயாலிசிஸ் பைகளையும் கொண்டுவந்து கொடுக்கிறது. 2023-இல் சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம் வந்தது, சிறுநீர் பரிசோதனையால் நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க. பாதம் பாதுகாப்போம் என்ற திட்டம் சர்க்கரை நோயாளிகளின் காலுக்காக. நல்ல திட்டங்கள். ஒன்று சிறுநீரகத்தைப் பார்க்கிறது, இன்னொன்று பாதத்தைப் பார்க்கிறது. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கின்றன என்பதை டயாலிசிஸ் கூடத்தில் ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். அடுத்த முறை தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ டயாலிசிஸுக்குப் போகும்போது, மெஷின் ஓடத் தொடங்கியதும் காலை நீட்டி, "சிஸ்டர், என் காலையும் கொஞ்சம் பாருங்க" என்று கேளுங்கள். வேலை மும்முரத்தில் இன்று முடியாது என்பார்கள். மறுமுறையும் கேளுங்கள். அதற்கடுத்த முறையும் கேளுங்கள். பக்கத்துப் படுக்கைக்காரரையும் கேட்கச் சொல்லுங்கள்.